முதலில் கால் நனையட்டும்

அவர் வாசல் படலையைத் திறக்கும் சத்தத்திற்கு எங்கள் ஒழுங்கை வீடுகளில் அடுப்புகள் அணைந்த காலம் ஒன்று இருந்தது. உலை கொதித்துக்கொண்டிருந்தால் விறகை வெளியே இழுத்துவிடுவார்கள். காஸ் அடுப்பு வந்த பிறகு திருகைத் திருப்பிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்கு வருவார்கள். அவருடைய முகத்தைப் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் இராது. "தேத்தண்ணி குடிச்சிட்டியளோ?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

கொக்குவிலில் நாங்கள் இருந்த பகுதியில் சாவுச் செய்தியை உரிய வீட்டுக்கு முதலில் கொண்டுபோகிறவர் அவர்தான். யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அழைப்பு வந்தால், கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஒரு குரல் உடைந்தால், அடுத்ததாக யாராவது "மாஸ்டரைப் பிடியுங்கோ" என்பார்கள். தபால் கந்தோரில் போஸ்ட் மாஸ்டராக இருந்து இளைப்பாறியவர் என்பதால் அந்தப் பெயர் அவருடன் தங்கிவிட்டது. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, பழைய சைக்கிள். மெலிந்த, நெடிய மனிதர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பதே அவருக்கு யோசிக்கும் முறை.

இப்போது அவர் இல்லை. அவர் போன செய்தியை நான் முகநூலில், யாரோ ஒருவருடைய பிறந்தநாள் படத்துக்கும் ஒரு காணி விற்பனை விளம்பரத்துக்கும் இடையில் பார்த்தேன். என்னிடம் வந்து தேத்தண்ணி குடித்தாயா என்று கேட்க அப்போது எவரும் மிஞ்சியிருக்கவில்லை.

எதையும் எடுத்த எடுப்பில் சொல்லமாட்டார். இதுதான் அவர். மற்றவையெல்லாம் இதன் கிளைகள். ஒழுங்கை திரும்பும் முடக்கிலேயே சைக்கிள் மணியை அடிக்கத் தொடங்குவார், வீட்டுக்காரர் உடுப்பைச் சரிசெய்ய அவகாசம் வேண்டுமாம். தொலைபேசியில் முதல் வாக்கியம் எப்போதும் "ஒண்டும் இல்லை" என்பதாக இருக்கும். தும்மல் வந்தால்கூட ஒரு கையை உயர்த்தி எங்களை எச்சரித்துவிட்டே தும்முவார். வாசிகசாலைப் போட்டியில் தோற்ற கதையைத் திருப்பி அனுப்பும்போது, மழை பெய்ததா, அம்மா சுகமா என்று தொடங்கி, கதையில் வந்த ஒரு நல்ல உவமையைப் புகழ்ந்து, கடிதத்தின் மூன்றாம் பந்தியில்தான் "ஆனால்" என்று எழுதுவார். அதற்குள் எழுதிய பிள்ளைக்கு விளங்கியிருக்கும்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"மார்கழியிலை கிணத்தடியிலை நிண்டு பாரும், பிள்ளை. எடுத்த எடுப்பிலை ஒரு வாளித் தண்ணியைத் தலையிலை ஊத்தினால் மூச்சு நிண்டுபோம். முதலிலை கால் நனையட்டும். பேந்து முழங்கால். பேந்து நெஞ்சு. தலைக்கு வரேக்கை உடம்பு தானாக் குனிஞ்சு குடுக்கும்."

சாவுச் செய்தியையும் அவர் அப்படித்தான் ஊற்றினார். முதலில் தேத்தண்ணி. பிறகு, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்ற விசாரணை. பிறகு, காலை மருந்து போட்டாகிவிட்டதா. பிறகு, "ஒருக்கா உப்பிடி இந்தக் கதிரையிலை இருங்கோவன்." இருந்த பிறகு, ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பற்றி, இரவு நித்திரை வரவில்லையாம், விடிய டொக்டர்மார் வந்து பார்த்தார்களாம் என்று ஒவ்வொன்றாக வைப்பார். ஓர் இடத்தில் எதிரே இருப்பவர் தானாகவே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார். "போயிட்டாரோ, மாஸ்டர்?" அவர் தலையைக் குனிவார். அவ்வளவுதான். அவருடைய வாயிலிருந்து அந்தச் சொல் வந்து கேட்டவர் எங்கள் ஊரில் ஒரே ஒருவரைத் தவிர எவரும் இல்லை. முடிவை அவராகச் சொல்வதில்லை. கேட்பவரை அதன் வாசலுக்குக் கூட்டிப்போய்க் கையை விட்டுவிடுவார்.

எங்கள் வாசிகசாலை ஆண்டுதோறும் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு அவரும் நானும் பல ஆண்டுகள் நடுவர்களாக இருந்தோம். நான் ஒரு பாடசாலை நூலகத்தில் வேலைசெய்து ஓய்ந்தவள். எங்கள் பிள்ளைகள் எழுதிய கதைகளில் பெரும்பாலும் கடைசியில் யாராவது செத்துப்போவார்கள். அதை நாங்கள் குறைசொல்வதில்லை. எப்படிச் செத்தார்கள் என்பதில்தான் அவருடைய கண்டிப்பு.

"பிள்ளை, இவன் ஏன் செத்தவன்?" கையெழுத்துப் பிரதியைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு ஒருநாள் கேட்டார்.

"ரயில் அடிச்சு, மாஸ்டர்."

"ரயில் எப்ப வந்தது?"

"கடைசிப் பந்தியிலை."

"கொக்குவிலிலை ஆருக்கும் ரயில் கடைசிப் பந்தியிலை வாறேல்லை. தண்டவாளம் முதல் பந்தியிலேயே கிடக்கும். கடவையடியிலை ஆடு மேயும். ஒருத்தர் காதுக்கை வயரைக் கொழுவிக்கொண்டு போவார். வாசிக்கிறவன் அதுகளைக் காணாத மாதிரிக் கண்டிருக்கவேணும்."

அவரிடம் இதற்கு ஒரு விதி இருந்தது. "வரப்போறதுக்கு ஒரு குறியை முதல் தரம் வைக்கேக்கை வாசிக்கிறவன் கவனிக்கக்கூடாது. இரண்டாம் தரம் வைக்கேக்கை அவன்ரை நெஞ்சு ஒருக்கா இடறவேணும். மூண்டாம் தரமும் போதாதெண்டு நாலாந்தரம் வைச்சீரெண்டால், நீர் கதை எழுதேல்லை, மரண அறிவித்தல் எழுதுறீர்." சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். பிறகு சிரிப்பு அடங்கி, கண்ணாடி கழன்று சட்டை நுனிக்குப் போகும். "கடைசி வரியிலை வாசகன் திடுக்கிட்டால் அது ஏமாத்து. கடைசிக்கு முதல் வரியிலை அவன் 'ஐயோ, வேண்டாம்' எண்டால் அது கதை."

இருண்ட முடிவுக்கு வழிவெட்டுவது பற்றி நான் எத்தனையோ நூல்களைப் படித்திருக்கிறேன். அந்த 'ஐயோ, வேண்டாம்' என்பதைவிடச் சரியாக எவரும் சொல்லிக் கண்டதில்லை. ஆனாலும் அவருடன் முழுவதும் உடன்பட என்னால் இயன்றதில்லை.

"எங்களுக்கு நடந்ததெல்லாம் அப்பிடிச் சொல்லிக்கொண்டோ நடந்தது, மாஸ்டர்? ஷெல் விழுந்த வீடுகளுக்கு முதல் பந்தி இருந்ததோ?"

நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"அதுக்காகத்தான், பிள்ளை. கதையிலையாவது சொல்லிப்போட்டு வரட்டும்."

அவருக்கு ஒரு தம்பி இருந்ததும், கந்தோரில் அவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது வீதியால் சைக்கிளில் போன யாரோ ஒருவர் நிற்காமலே "உங்கடை தம்பி போயிட்டான்" என்று கத்திவிட்டுப் போனதும், அவருடைய மனைவி சொல்லி எனக்குத் தெரியும். அவர் அதன் பிறகும் மேசையில் கிடந்த கடிதங்கள் முடியும்வரை முத்திரை குத்திக்கொண்டிருந்தாராம். அதைப் பற்றி அவராக என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

தந்திகளைப் பற்றி மட்டும் நிறையச் சொல்வார். அந்தக் காலத்தில் கொழும்பில் ஒருவர் இறந்தால், ஊரில் உள்ளவர்களுக்கு 'கடும் சுகவீனம், உடன் வரவும்' என்றுதான் தந்தி அடிப்பார்கள். இறந்துவிட்டார் என்று எழுதும் வழக்கம் இல்லை. வாங்குகிறவருக்கும் அது தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும். தந்தியைப் பிரிக்க முன்னரே அழுகை தொடங்கிவிடும். ஒரே ஒரு பெண் மட்டும், புதிதாகக் கலியாணம் முடித்து வந்தவள், அந்த வழக்கம் தெரியாமல், தந்தியில் இருந்ததை அப்படியே நம்பிவிட்டாளாம். வருத்தக்காரத் தகப்பனுக்கென்று மல்லித் தண்ணி அவித்து, சுடுதண்ணிப் போத்திலில் விட்டு, இரவு ரயிலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாளாம்.

"விடிய வாசலிலை பாடை கட்டிக்கொண்டு நிக்கினம். இவ மல்லித் தண்ணியோடை இறங்குறா!" என்று முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார், வாசிக்கத் தெரியாத வாசகி ஒருத்தியைப் பற்றிச் சொல்லும் தோரணையில். எனக்கு ஒருமுறையும் சிரிப்பு வந்ததில்லை.

அவரைப் பார்த்துச் சிரித்த கதைகளும் உண்டு. தன் இளைய மகளின் கலியாணத்துக்குச் சொல்லச் சண்டிலிப்பாயில் ஓர் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டுக்காரர் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார். மனைவி தனியே இருந்தார். படலையில் இவரைக் கண்டதும் அந்த அம்மாவின் கையிலிருந்த சுளகு விழுந்துவிட்டது. இவர் பதறி, "ஒண்டும் பயப்பிடாதேங்கோ, தங்கச்சி" என்றிருக்கிறார். அதற்குமேல் என்ன வேண்டும்! அந்த அம்மா வைத்த குரலில் அயலெல்லாம் வேலி பாய்ந்து வந்துவிட்டது. "கலியாணம் சொல்ல வந்தனான், கலியாணம் சொல்ல வந்தனான்" என்று இவர் அட்டையைத் தூக்கிக் காட்டியும் எவரும் நம்பவில்லை. ஆளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றே நினைத்தார்கள். கடைசியில் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்து, தானே உயிரோடு நிற்பதைக் காட்டி, அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, "உந்த மனிசனைக் கலியாணம் சொல்ல அனுப்பினது ஆர்?" என்று சத்தம்போட்டாராம்.

அதன் பிறகு நல்ல காரியங்களுக்கு அவருடைய மனைவிதான் போவார். "எங்கடை வீட்டிலை நல்லது அவ, கெட்டது நான்" என்பார் இவர். வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனால் சும்மா கதைத்துக்கொண்டிருக்க என்று அவர் எவருடைய படலையையும் திறக்க முடியாமல் போனதை நான் கவனித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருவதென்றாலும் வீதியிலிருந்தே, "போட்டிக் கதை விசயமா வாறன், போட்டிக் கதை விசயமா" என்று உரக்கச் சொல்லிக்கொண்டுதான் வருவார்.

மனோன்மணி அக்கா எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. எழுபது தாண்டியவர். கணவர் இறந்து வெகுகாலம். ஒரே மகன் ரவி கனடாவில் இருந்தான். அக்காவின் நெஞ்சுக்குள் கம்பி வைத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு காலை ரவி வேலைக்குப் புறப்படும்போது வீட்டு வாசலிலேயே விழுந்து இறந்துபோனான். அவனுக்கும் நெஞ்சுதான்.

மருமகள் கலா அங்கிருந்து மாஸ்டரை அழைத்தாள். அழைப்பு வந்தபோது நானும் அருகில் இருந்தேன். போட்டிக் கதைகள் எங்களுக்கு நடுவில் பரந்து கிடந்தன.

"மாமிக்கு ஒரேயடியாச் சொல்லிப்போடாதேங்கோ, மாஸ்டர். அவவும் போயிடுவா. நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ. எத்தினை நாள் எடுத்தாலும் பரவாயில்லை. நீங்கள் சொன்னால் அவ தாங்குவா."

அவர் சம்மதித்தார். அன்று பின்னேரமே போனார்: ரவிக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். இரண்டு நாள் கழித்து: நெஞ்சுக்குள் வருத்தமாம், ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்களாம். அடுத்த கிழமை: மூச்சுக்கு மெசின் பூட்டியிருக்கிறார்களாம், கதைக்க ஏலாதாம். மெசின் பூட்ட முன்னர் அவன் ஒன்று சொன்னானாம் என்றும் சேர்த்துக்கொண்டார். "அம்மாவை யோசிக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ, மருந்தை ஒழுங்காப் போடச் சொல்லுங்கோ."

அதற்குள் அங்கே அவன் எரிந்து முடிந்திருந்தான். கனடாவில் நடந்த அந்தச் செத்தவீட்டை எங்கள் ஒழுங்கை முழுவதும் தொலைபேசியில் நேரடியாகப் பார்த்தது. சத்தத்தைக் குறைத்து, கதவைச் சாத்தி, விளக்கைத் தணித்துப் பார்த்தோம். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் மனோன்மணி அக்கா தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தினமும் அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பேப்பரை, மரண அறிவித்தல் எதுவும் வந்துவிடுமோ என்ற பயத்தில், நாங்கள் நிறுத்திவிட்டோம். பேப்பர்காரருக்குக் காய்ச்சல் என்றோம்.

மூன்றாம் முறை போய்வரும்போது அந்தச் சொல்லை அக்காவே சொல்லிவிடுவார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். இதற்கு முன் எல்லா வீட்டாரும் சொல்லியிருந்தார்கள். அக்கா சொல்லவில்லை. முதல் செய்தி வந்த அன்று சாமியறையில் இரண்டு விளக்குக் கூடுதலாக ஏற்றினார். இரண்டாவது செய்திக்கு விரதம் பிடிக்கத் தொடங்கினார். மூன்றாவதற்கு ஓட்டோ பிடித்து இணுவில் கந்தசுவாமி கோயிலுக்குப் போனார். பிறகு நாள்தோறும் போனார். என்னைக் கண்டால், "மருந்தை ஒழுங்காப் போடச் சொன்னவனாம். அந்த நிலைமையிலையும் பார்" என்பார். ஆறுதலாக மருந்தை எடுத்து, என் கண்முன்னே விழுங்கிக் காட்டுவார்.

கதையை வாசிக்கிறவருக்கு அதனுள்ளே கை நீளாது. குறிகளைக் கண்டு 'ஐயோ, வேண்டாம்' என்று முனகிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவதைத் தவிர அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அதனால்தான் குறி அவரை முடிவுக்குத் தயார்ப்படுத்துகிறது. தாய்க்குக் கை இருந்தது, கால் இருந்தது, கோயில் இருந்தது. மாஸ்டர் வைத்த ஒவ்வொரு குறியும் அக்காவுக்கு, இன்னும் செய்வதற்கு இடமிருக்கிறது என்ற செய்தியாகவே போய்ச் சேர்ந்தது.

ஊர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளை செத்த துடக்குத் தீட்டோடு தாய் கோயிலுக்குள் போய் வருகிறாள், மாஸ்டர் பார்த்துக்கொண்டு இருக்கிறார். "கேட்டாத்தானே துடக்கு. அவ இன்னும் கேள்விப்படேல்லை" என்று அவர் சாத்திரம் சொன்னார். அது சரியான சாத்திரம்தான். ஆனால் ஒருநாள் பின்னேரம், கோயிலால் வந்து இறங்கிய அக்கா படலையடியில் எங்கள் இருவரையும் கண்டு, மடியிலிருந்து விபூதிச் சரையை எடுத்தார்.

"நல்ல நேரம் நிக்கிறியள், மாஸ்டர். இந்தாங்கோ. வாற வெள்ளிக்கிழமை அடி அழிக்கிறதெண்டு நேர்ந்திட்டன். பிள்ளை எழும்பியிடுவான்."

அடி அழிப்பதென்றால், அடிக்கொரு முறை நிலத்தில் விழுந்து கும்பிட்டு எழுந்து கோயில் வீதியைச் சுற்றி வருவது. இளம்பெண்களுக்கே மூச்சு வாங்கும்.

"அக்கா, உந்த வெயிலுக்கையோ? டொக்டர் உங்களுக்கு என்ன சொன்னவர்?"

"டொக்டர் என்ரை நெஞ்சுக்குச் சொன்னவர். இது அவன்ரை நெஞ்சுக்கு."

அவர் கையில் விபூதியைக் கொட்டிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார். மாஸ்டர் அதைப் பூசவும் இல்லை, கீழே விடவும் இல்லை. கையை விரித்தபடியே நின்றார்.

"இன்னும் ஒரு நாள் பொறும், பிள்ளை. அவ கிட்ட வந்திட்டா."

"கிட்ட வரேல்லை, மாஸ்டர். எதிர்ப்பக்கமாப் போய்க்கொண்டிருக்கிறா. வெள்ளிக்கிழமை வீதியிலை விழுந்தாவெண்டால் எழும்பமாட்டா."

காற்றில் விபூதி கொஞ்சம் பறந்தது. "நீரும் வாருமன்" என்றார். அந்தக் குரலில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் போனோம். அக்கா மறுநாளுக்கென்று ஒரு பழைய நூல்சேலையைத் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கதிரைகளை இழுத்துப் போட்டார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டியளோ, அக்கா?"

"நான் விரதமெல்லோ, மாஸ்டர். மறந்திட்டியளோ?"

"மருந்து போட்டியளோ?"

"போட்டன். அவன் சொல்லிவிட்டவனெல்லோ."

அடுத்த படிக்கு மாஸ்டர் வாயைத் திறந்தார். என்ன சொல்ல நினைத்திருந்தாரோ, அதை விட்டுவிட்டார்.

"அக்கா, ரவி செத்துப்போனான்."

அக்கா கத்தவில்லை. கொடியில் கிடந்த சேலையின் சுருக்கம் ஒன்றை நீவிவிட்டார். பிறகு திரும்பி, "எப்ப?" என்றார்.

மாஸ்டர் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக வந்திருந்தார். மயக்கத்துக்கு என் கையில் தண்ணீர் இருந்தது. படலைக்கு வெளியே ஓட்டோ நின்றது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவரிடம் ஆயத்தம் இருக்கவில்லை.

"நான் முதல் முதலிலை வந்தண்டைக்கு முந்தின நாள்."

"அப்ப மெசின்?"

"மெசின் இல்லை, அக்கா."

"எரிச்சாச்சோ?"

"ஓம்."

"ஆராருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும், அக்கா" என்று நான்தான் சொன்னேன்.

"தெரிஞ்சுகொண்டுதான் என்னைக் கோயிலுக்கு விட்டியளோ?"

"கேட்டாத்தான், அக்கா, துடக்கு..." என்று தொடங்கினார் மாஸ்டர்.

"துடக்குக் கிடக்கட்டும், மாஸ்டர். எழுப்பிவிடு, எழுப்பிவிடு எண்டு முருகனிட்டைக் கேட்டுக்கொண்டு நிண்டனான். சாம்பலை எழுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறன். அவருக்கும் தெரிஞ்சிருக்கும். நீங்கள் எல்லாரும் சேர்ந்து..." மூச்சு வாங்கியது. நான் தண்ணீரை நீட்டினேன். வாங்கவில்லை. "மருந்து போடச் சொன்னது?"

அந்த ஒரு வரியையாவது மாஸ்டர் விட்டுவைப்பார் என்று நினைத்தேன். விட்டுவைக்கவேண்டும் என்றே விரும்பினேன். அது யாருக்கும் தீங்கு செய்யாத வரி. அக்காவை அந்த நாட்களில் மருந்து குடிக்கவைத்ததும் அதுதான்.

"அது நான் சொன்னது, அக்கா. அவன் சொல்லேல்லை."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. மிகவும் களைத்துப்போன ஒரு பார்வை அது.

"வடிவாத்தான் சொல்லியிருக்கிறியள். எனக்கு அவன்ரை குரலிலையே கேட்டது."

பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "கலாவுக்கு எடு, பிள்ளை."

அங்கே நன்றாக விடிந்திராத நேரம். முதல் மணியிலேயே கலா எடுத்தாள். மாமியின் குரலைக் கேட்டதும் உடைந்துபோனாள். அக்கா அவள் அழுது ஓயும்வரை பொறுத்திருந்தார்.

"நான் உன்னை ஏசேல்லை. ஒண்டு மட்டும் சொல்லு. கடைசியா அவன் என்ன கதைச்சவன்? கதைச்சதை மட்டும் சொல்லு. இனி எனக்கு ஆரும் ஒரு கதையும் கட்டித் தரவேண்டாம்."

கலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடங்கினாள்.

"ஒண்டும் பெரிசாக் கதைக்கேல்லை, மாமி. கார்த் திறப்பைக் காணேல்லை, சாவி எங்கையெண்டு கத்தினவர், வேலைக்கு நேரம் போயிட்டுதெண்டு. நான் குசினியிலை நிண்டுகொண்டு, சேட்டுப் பொக்கற்றுக்கை பாருங்கோ எண்டனான். பேந்து சத்தம் இல்லை."

அக்கா தொலைபேசியைக் காதோடு இன்னும் அழுத்தினார்.

"பொக்கற்றுக்கையோ இருந்தது?"

"ஓம் மாமி. பொக்கற்றுக்கைதான் இருந்தது."

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பாகத்தான் தொடங்கியது. "உப்பிடித்தான், உப்பிடித்தான் எப்பவும். தன்னட்டை வைச்சுக்கொண்டு வீட்டைப் புரட்டுவான்..." அதற்கு மேல் அது வேறு சத்தமாகிவிட்டது. அவர் நிலத்தில் இருந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டார். மதில்களுக்கு அப்பால் இத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்த பெண்கள், அந்தக் குரலைக் கேட்டதும் ஒவ்வொருவராகப் படலையால் வந்தார்கள். ஒருவர் சேலையைக் கொடியிலிருந்து உருவி எடுத்து ஓரமாகப் போட்டார். அக்காவின் தோளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். நெஞ்சு தாங்கியது.

மாஸ்டர் வெளியே மதிலோரம் நின்றார். யாரும் அவரை ஏசவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நான் போய் அருகில் நின்றேன். கண்ணாடி முகத்திலேயே இருந்தது. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"உந்த வரியை நான் எழுதியிருக்கமாட்டன், பிள்ளை" என்றார். "கார்த் திறப்பு. எழுதியிருந்தாலும் வெட்டியிருப்பன்."

உள்ளே பெண்கள் ரவியின் பெயரைச் சொல்லி ஒப்பாரியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மனோன்மணி அக்கா அவர்களுடன் சேரவில்லை. "பொக்கற்றுக்கை, ராசா, பொக்கற்றுக்கை" என்றுதான் நெடுநேரம் அழுதுகொண்டிருந்தார்.